அடிமை என்று யாரைச் சொல்வது?

(ஞாயிற்றுக்கிழமை நடந்த குடும்பங்களுக்கான சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நமது கூட்டங்களில் ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழுகிறது. "இந்த நாட்டில் நாம் இன்னும் அடிமைகள்தான்" என்று மேடையில் ஒருவர் முழங்குவார், கீழே கைதட்டல் பறக்கும். அந்தக் கோபம் எனக்குப் புரியும். 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப்புகையைச் சுவாசித்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். ஆனால் நான் வழக்கறிஞர். நீதிமன்றத்தில் ஒரு வார்த்தையைச் சொன்னால் அதை நிரூபித்தாக வேண்டும். ஆகவே இன்று இந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துப் பேசுகிறேன்: அடிமை. யார் அடிமை? சட்டம் யாரை அப்படிச் சொல்கிறது? இன்று, இந்த நூற்றாண்டில், அப்படிப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

பதில் உங்களுக்கு முழுக்கப் பிடிக்காமல் போகலாம். பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் எது அடிமைத்தனம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் குறைவு என்பதால் மட்டும் ஒருவர் அடிமை ஆகிவிட மாட்டார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளை அடிமை இல்லை. அடையாள அட்டை கிடைக்காமல் சிவப்பு ஐ.சி.யோடு அலையும் அம்மா அடிமை இல்லை. இவை எல்லாம் அநியாயம், பாகுபாடு, உரிமை மறுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போராட வேண்டும், போராடிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் எல்லாவற்றுக்கும் "அடிமை" என்று ஒரே முத்திரை குத்தினால், உண்மையிலேயே அடிமையாகக் கிடக்கிறவன் வந்து கதவைத் தட்டும்போது அவனுக்குக் கொடுக்க நம்மிடம் வார்த்தை மிச்சம் இருக்காது.

1926இல் அன்றைய சர்வதேச சங்கம் ஓர் ஒப்பந்தம் செய்தது. அதில் உள்ள விளக்கத்தைத்தான் இன்றும் உலக நீதிமன்றங்கள் கையில் எடுக்கின்றன. சுருக்கமாகத் தமிழில் சொன்னால் இதுதான்: ஒரு பொருளுக்குச் சொந்தக்காரன் அந்தப் பொருளின் மேல் என்னென்ன அதிகாரம் செலுத்துவானோ, அதில் சிலவற்றையோ முழுவதையுமோ ஒரு மனிதன் மேல் செலுத்தினால், அந்த மனிதனின் நிலை அடிமை நிலை. சொந்தம் என்று பத்திரம் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அதிகாரம் செலுத்தினாலே போதும்.

ஏன் இப்படி எழுதினார்கள்? மனிதனுக்குப் பத்திரம் எழுதும் உரிமையை நாடுகள் ஒவ்வொன்றாக ஒழித்துக்கொண்டே வந்தன. பிரிட்டிஷ்காரர்கள் 1833இல் சட்டம் கொண்டுவந்து, 1834 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியாக மவுரித்தேனியா 1981இல் ஒழித்தது. ஒழித்தார்களே தவிர, அதைக் குற்றமாக்கித் தண்டனை வைக்க 2007 வரை ஆனது! ஆக, காகிதத்தில் இன்று உலகத்தில் அடிமை ஒருவர்கூட இல்லை. ஆனால் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் மற்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட கணக்கு, 2021ஆம் ஆண்டில் 4 கோடியே 96 லட்சம் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்ததாகச் சொல்கிறது. அதில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில். மீதி 2 கோடியே 20 லட்சம் பேர் கட்டாயத் திருமணத்தில்.

நம் கதையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1834இல் ஆப்பிரிக்க அடிமைகளை விடுவித்தார்கள் அல்லவா? கரும்புத் தோட்டத்தில் யார் வேலை செய்வது? அதே ஆண்டில் மொரிசியசுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். அடுத்து வந்த காலத்தில் பினாங்கு, செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கும் நம்மவர்கள் வந்தார்கள். சஞ்சிக்கூலி என்று உங்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கைநாட்டு வைத்த ஒப்பந்தம். கப்பல் கட்டணம் கடன். அந்தக் கடன் தீரும் வரை உழைப்பு. ஒப்பந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடினால் அது வெறும் ஒப்பந்த மீறல் இல்லை, சிறைக்கு அனுப்பும் குற்றம். மலாயாவுக்கு ஒப்பந்தக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அந்த ஆண்டு இந்திய அரசாங்கம் கூலிகளை அனுப்புவதற்குத் தடை போட்டது. தன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைக்கும். தலைக்காசு என்று பெயர். அந்தத் தலைக்குச் சொந்தக்காரன் காய்ச்சலில் கிடந்தால் கங்காணிக்கு ஏன் கோபம் வந்தது என்று இப்போது புரிகிறதா?

இதற்கு "புதிய அடிமை முறை" என்று பெயர் வைத்தது நாம் இல்லை. ஹியூ டிங்கர் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் 1974இல் எழுதிய நூலுக்கு அதுவே தலைப்பு. அதுவும் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த சொல் அல்ல. 1840இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவர் பயன்படுத்தியது. அவர்களுக்கே தெரிந்திருந்தது!

பிறகு ஜப்பான்காரன் காலம். சயாம் மரண ரயில் பாதை 1942, 43இல் போடப்பட்டது, 415 கிலோமீட்டர். தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போன நம்மவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவே இல்லை. அங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை. அது அடிமை உழைப்பு.

சரி, பழைய கதை போதும். இன்றைக்கு வருவோம். இன்றைய வழக்குகளில் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது என்று மூன்று வழக்குகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர் நாடு. ஹதிஜாத்து மனி என்ற பெண்ணை 1996இல், அவருக்கு 12 வயதாக இருந்தபோது விற்றார்கள். விலை ஏறக்குறைய 500 அமெரிக்க டாலர். வயலிலும் வீட்டிலும் வேலை. வாங்கியவனின் இச்சைக்கும் இணங்க வேண்டும். அந்த நாடு 2003இல் அடிமை முறையைக் குற்றமாக்கியது. 2005இல் வாங்கியவனே "இவளை விடுவித்துவிட்டேன்" என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தான். நம்பி வெளியே வந்து, பிடித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். உடனே பழைய எஜமான் "இவள் என் மனைவி" என்று வழக்குப் போட்டான். நீதிமன்றம் யாரைச் சிறையில் போட்டது தெரியுமா? இரண்டு கல்யாணம் செய்த குற்றத்துக்காக அந்தப் பெண்ணை! 2008 அக்டோபரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வட்டார நீதிமன்றம், நைஜர் அரசாங்கம் அவரைக் காப்பாற்றத் தவறிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, நட்டஈடும் கொடுக்க வைத்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: அவரை விற்றது அரசாங்கம் இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டிருந்த குற்றத்துக்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டி வந்தது.

இரண்டாவது, அதே 2008இல் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றத்தில் வந்த டாங் வழக்கு. மெல்பர்னில் ஒரு விபசார விடுதி, ஐந்து தாய்லாந்துப் பெண்கள். குடும்பத்தோடு வந்திருக்கிறீர்கள், விவரமாக வேண்டாம். ஆனால் சட்ட விஷயம் முக்கியம். அந்தப் பெண்கள் சம்மதித்துத்தான் வந்தார்கள். என்ன வேலை என்று அவர்களுக்குத் தெரியும். கதவைப் பூட்டி வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவர் தலையிலும் 42,000 முதல் 45,000 ஆஸ்திரேலிய டாலர் வரை கடன் என்று எழுதப்பட்டது. அது தீரும் வரை கையில் காசு பெரும்பாலும் கிடையாது, பாஸ்போர்ட் முதலாளியிடம். நீதிமன்றம் இது அடிமைத்தனம் என்றே சொன்னது. சம்மதித்தாயே, கதவு திறந்துதானே இருந்தது என்ற வாதம் எடுபடவில்லை. கையில் பாஸ்போர்ட் இல்லை, காசு இல்லை, மொழி தெரியாது, வெளியே போனால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம். பூட்டு எதற்கு?

மூன்றாவது வழக்கைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதுவும் மெல்பர்ன்தான். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாட்டியம்மா 2007இல் ஒரு மாத விசாவில் ஒரு வீட்டுக்கு வந்தார். சமையல், வீட்டு வேலை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. எட்டு ஆண்டுகள் திரும்பிப் போக விடவில்லை. ஊரிலிருந்து குடும்பத்தார் அனுப்பிவிடச் சொல்லிக் கேட்டும் விடவில்லை. 2015இல் ஆம்புலன்ஸ் வந்தபோது அந்த அம்மாவின் எடை 40 கிலோ. வைத்திருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. தமிழ்த் தம்பதி, படித்த குடும்பம். 2021இல் விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் அடிமை வைத்திருந்த குற்றத்துக்காக மனைவிக்கு எட்டு ஆண்டு, கணவனுக்கு ஆறு ஆண்டு சிறை.

பக்கத்தில் சிங்கப்பூரில் 2016இல் ஒரு மியன்மார் பணிப்பெண் வீட்டிலேயே அடித்தும் பட்டினி போட்டும் கொல்லப்பட்டார். சாகும்போது எடை 24 கிலோ. இரவில் ஜன்னல் கம்பியில் கட்டிவைத்திருக்கிறார்கள். வீட்டில் பொருத்தியிருந்த கேமராவே எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. முதலாளியம்மாவுக்கு 2021இல் 30 ஆண்டுச் சிறை. அந்த வீட்டிலும் பேசியது தமிழ்தான். நம் பினாங்கில் 2018இல் ஓர் இந்தோனேசியப் பணிப்பெண் இறந்துபோனார். வீட்டு வாசலில் நாயோடு படுக்க வைக்கப்பட்டார் என்று நாடே பேசியது. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து முதலாளியம்மாவை 2019இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2022இல் கூட்டரசு நீதிமன்றமும் அதை மாற்றவில்லை.

ஏன் இதையெல்லாம் இங்கே சொல்கிறீர்கள், நாங்கள் தொழிலாளிகள், எங்கள் வீட்டில் ஏது பணிப்பெண் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஆனால் நீங்கள் சாப்பிடும் கடையில் தட்டுக் கழுவுகிறவர் யார்? முடி வெட்டுகிறவர், கோயில் மண்டபத்துக்குப் பின்னால் சாமான் கழுவுகிறவர், ஜவுளிக்கடையில் இரவு பத்து மணிக்கும் துணி மடித்துக்கொண்டிருக்கிறவர்? "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். ராமநாதபுரம் என்பார், புதுக்கோட்டை என்பார். "பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். ஒரு தம்பி ஊரில் ஏஜெண்டுக்குக் கட்ட ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறான், மூன்று வட்டிக்கு. மாதம் 4,500 ரூபாய் வட்டி மட்டும், நம் பணத்தில் சுமார் 200 வெள்ளி. இங்கே சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 முதல் அப்படி. கையெழுத்துப் போடும் தாளில் அது இருக்கும். கைக்கு வரும்போது தங்குமிடம், சாப்பாடு, பெர்மிட், லெவி என்று பிடித்துவிடுவார்கள். லெவியை முதலாளிதான் கட்ட வேண்டும் என்று 2018 முதல் விதி உண்டு, அது அவனுக்கு எங்கே தெரியும்? "இரண்டு மாதச் சம்பளம் என்னிடம் இருக்கட்டும், ஓடிவிடுவாய்" என்று முதலாளி வைத்துக்கொள்வார். ஊருக்கு அனுப்பியது வட்டிக்குப் போகும். முதல் அப்படியே நிற்கும். ஒரு வருடம் கழித்து அவன் வேலையை விட்டால் கடனும் மிச்சம், சம்பளமும் போச்சு. அவனை யாரும் கட்டிவைக்கவில்லை, கணக்குக் கட்டிவைத்திருக்கிறது.

1956இல் வந்த ஐக்கிய நாடுகள் துணை ஒப்பந்தம் இதற்குக் கடன் அடிமைத்தனம் என்று பெயர் கொடுக்கிறது. ஒருவன் செய்யும் வேலையின் நியாயமான மதிப்பு கடனில் கழிக்கப்படாவிட்டால், அல்லது எவ்வளவு காலம், என்ன வேலை என்பதற்கு எல்லை இல்லாவிட்டால், அது கடன் அடிமைத்தனம். நம் பாட்டனார் வந்த கப்பல் கட்டணம் இன்று ஏஜெண்ட் கமிஷன் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓடினால் சிறை என்ற பழைய சட்டத்துக்கும் இன்று அண்ணன் தம்பி இருக்கிறான். அந்நியத் தொழிலாளியின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. அவரை விட்டு வெளியேறினால் மறுநாளே அவன் சட்டவிரோதக் குடியேறி ஆகும் நிலை. சட்டவிரோதமாக நுழைந்தவர்களுக்குக் குடிநுழைவுச் சட்டம் ஐந்து ஆண்டு வரை சிறையோடு ஆறு பிரம்படி வரை வைத்திருக்கிறது. முதலாளி கையில் பிரம்பு எடுக்க வேண்டியதே இல்லை. "இமிக்ரேசனுக்கு போன் போடவா?" என்று கேட்டால் போதும்.

பெரிய கம்பெனிகளிலும் இதே கணக்குத்தான். அமெரிக்கச் சுங்கத்துறை 2020 ஜூலையில் டாப் குளோவ் கையுறைகளை நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனி தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டியிருந்த காசைத் திருப்பிக் கொடுத்தது, மொத்தம் 136 மில்லியன் வெள்ளி. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. சைம் டார்பி தோட்ட நிறுவனத்தின் பாமாயிலை 2020 டிசம்பரில் நிறுத்தினார்கள், 2023 பிப்ரவரியில் விட்டார்கள். இந்தப் பெயரைக் கேட்டு நெஞ்சில் ஏதோ தட்டுகிறதா? நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவிய கத்ரி, கோல்டன் ஹோப் தோட்டங்கள் 2007இல் சைம் டார்பியோடு இணைந்தன. நாம் காலி செய்த லயங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் வந்து படுத்தார்கள். நம் வேலையைப் பறித்துக்கொண்டான் என்று அவனைத் திட்டுகிறோம். அவனைக் கொண்டுவந்து அந்தச் சம்பளத்துக்குப் போட்டவர் யார் என்று கேட்பதில்லை. அந்த மலிவான, ஓட முடியாத உழைப்பு இருக்கிற வரை உங்கள் சம்பளமும் ஏறாது. இதை வெறும் இரக்கத்தில் சொல்லவில்லை, உங்கள் வயிற்றுக்காகவும் சொல்கிறேன். இன்னொன்று: அமெரிக்கச் சுங்கத்துறை செய்ததை நம் தொழிலாளர் இலாகா ஏன் செய்யவில்லை என்பது என் நெடுநாள் கோபம்.

நம் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 6ஆவது விதி ஒருவரையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்கிறது, கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 2007 முதல் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பிறருடைய பாஸ்போர்ட்டை அதிகாரமில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். வேலைச் சட்டத்தில் 90B என்ற புதிய பிரிவு 2023 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது: கட்டாய உழைப்புக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அந்தப் பிரிவில் ஓர் ஓட்டை உண்டு. மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கினால் மட்டும் போதாது, அந்த இடத்தை விட்டு வெளியே போகவும் தடுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். டாங் வழக்கை நினைத்துப் பாருங்கள். கதவு திறந்திருந்த அந்தப் பெண்கள் இங்கே வழக்குப் போட்டிருந்தால், முதலாளியின் வக்கீல் முதலில் பிடித்துக்கொள்வது இந்த வரியைத்தான். வீட்டுப் பணிப்பெண்களுக்கோ வேலை நேரம், வார விடுமுறை போன்ற பாதுகாப்புகளே அந்தச் சட்டத்தில் கிடையாது, குறைந்தபட்சச் சம்பளமும் கிடையாது. இவற்றைத் திருத்தச் சொல்லி நாம் கேட்க வேண்டும். இந்தியர்களுக்காக மட்டும் பேசும் இயக்கம் என்ற பெயர் நமக்கு இருக்கிறது. இதைக் கேட்டால் அந்தப் பெயர் கெட்டுப்போகாது.

கடைசியாக உங்கள் பிள்ளைகள் விஷயம். ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இணைய மோசடிக் கூடங்களில் கட்டாயமாக வேலை வாங்கப்படுவதாகச் சொன்னது. மலேசிய இளைஞர்களும் இப்படிப் போய் மாட்டினார்கள். வாடிக்கையாளர் சேவை வேலை, பெரிய சம்பளம், டிக்கெட் நாங்கள் போடுகிறோம் என்று போனில் வரும். ஆ லோங்கிடம் கடன் பட்ட பையனுக்கு அது கடவுள் அனுப்பிய வழியாகத் தெரியும். போய் இறங்கினதும் பாஸ்போர்ட் பறிபோகும், விட வேண்டுமென்றால் பணம் கட்டு என்பார்கள். அவனை ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு விற்கவும் செய்வார்கள். 1926ஆம் ஆண்டு விளக்கம் அங்கே அப்படியே பொருந்தும், விலை உட்பட. வெளியூர் வேலை என்று உங்கள் பிள்ளை சொன்னால், எந்தக் கம்பெனி, எந்த ஊர், என்ன விசா என்று கேளுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிறான் என்றால் விமான நிலையத்துக்கு அனுப்பாதீர்கள். டிக்கெட் வீணாகப் போனால் போகட்டும்.

உங்கள் கண்ணெதிரே ஒருவர் இப்படி மாட்டியிருந்தால் என்ன செய்வது? நேரே போய் முதலாளியோடு சண்டை போடாதீர்கள். அன்று இரவே ஆளை இடம் மாற்றிவிடுவார்கள். அவரோடு தமிழில் பேசுங்கள், உங்களால் முடியும், போலீஸ்காரருக்கு அது முடியாது. பாஸ்போர்ட்டின் நகல் எங்கேயாவது இருக்கிறதா, ஏஜெண்டின் பெயர் என்ன, எந்தத் தேதியில் வந்தார், எத்தனை மாதச் சம்பளம் நிற்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. பழைய பாக்கியை ஆறு ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். அடைத்து வைத்திருக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்றால் போலீஸ். "எனக்கு பெர்மிட் இல்லை, என்னையே பிடித்துப் போடுவார்களே" என்று அவர் பயப்படுவார். ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவை அவரிடம் சொல்லுங்கள்: கடத்தப்பட்டவர் என்று உறுதியானால், சட்டவிரோதமாக நுழைந்ததற்காகவோ தங்கியதற்காகவோ அவர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அதை உறுதி செய்வது அதிகாரிகள். அதனால்தான் தேதியும் பெயரும் எழுதிய அந்தத் தாள் முக்கியம். புகார் கொடுக்கப் போகும்போது அவரைத் தனியாக அனுப்பாமல் யாராவது ஒருவர் கூடவே போய் உட்காருங்கள்.